இலேசர்ப் பொறிக்குக் கண் அமைத்தல்

ஒளிக்கதிரால் மரத்தை அறுக்கும் பொறி இன்று பாடசாலைத் தொழிற்கூடங்கள் சிலவற்றிலும் இடம்பெற்றுவிட்டது. 2013ஆம் ஆண்டிலே க. பொ. த. உயர்தர வகுப்பில் தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பெற்ற பின்னர், கணினியால் இயங்குங் கருவிகளைப் பற்றிய பேச்சு நம் மாணவரிடையே பெருகியுள்ளது. இம்மலரை வாசிக்கும் பழைய மாணவருட் சிலர் தாம் கற்ற கல்லூரிக்கு இத்தகைய பொறியை அல்லது அதற்கு வேண்டிய துணைக்கருவிகளை உதவ எண்ணியிருத்தல் கூடும். அவ்வெண்ணமுடையோர் கமராவைப் பற்றி முதற்கண் வினாவுவது பெரும்பாலும் இதுவே: 'எத்தனை மெகாபிக்சல் வேண்டும்?' இது வினாவத்தக்க வினாவே. ஆயினும் இதற்கு முன்னர் வினாவவேண்டியது வேறொன்று உண்டு. அஃது யாதென விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் கற்பிப்போர்க்கு இப்பொருளில் என்ன அலுவல் எனச் சிலர் வியத்தல் கூடும். பலகையிற் பொறிக்கப்படுவது பெரும்பாலும் எழுத்து. அவ்வெழுத்து எவ்விடத்தில் நிற்கும் என்னுங் கவலை எமக்கும் உரியதேயாம். 'லேசர்' என வழங்கும் பெயரை, லகரம் மொழிக்கு முதலாகாமை கருதி, இலேசர் என எழுதுகின்றோம். அத்துணைச் சலுகையை வாசகர் எமக்கு அளிப்பாராக.

1960ஆம் ஆண்டு மே மாதம் 16ஆந் திகதி அமெரிக்க அறிஞர் தியோடர் மெய்மன் மாணிக்கக் கற்கோல் ஒன்றைக் கொண்டு முதல் இலேசரை ஒளிரச் செய்தார். 1964இல், இந்தியாவிற் பிறந்தவரான குமார் பட்டேல், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்திலே காபனீரொட்சைட்டு வாயுவால் இயங்கும் இலேசரை ஆக்கினார். மரம், அக்றிலிக், தோல் ஆகியவற்றை வெட்டும் பொறிகளுட் பல இன்றும் அவ்வாயு நிறைந்த குழாயையே உடையன. அக்குழாய் தருங் கதிர் 10.6 மைக்கிரோமீற்றர் அலைநீளமுடைய செந்நிறக்கீழ்க் கதிராதலின் நம் கண்ணுக்குப் புலனாகாது. விலை குறைந்த சிறு பொறிகளோ நீல ஒளியை உமிழும் இருவாயியைக் கொண்டன.

எவ்வகைப் பொறியாயினும் அதற்குக் கண் இல்லை. மேடையின் ஒரு மூலையைத் தொடக்கமாகக் கொண்டு, வலப்புறம் இத்தனை மில்லிமீற்றர், முன்புறம் இத்தனை மில்லிமீற்றர் என எண்ணி எண்ணி அதன் தலை நகரும். அவ்விடத்திற் பலகை கிடக்கிறதா, பலகைக்கு அப்பால் வெறும் மேடை கிடக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. செவ்வகமாக அறுத்த புதிய பலகையாயின் இதனால் இடரில்லை. பலகையை மூலையோடு அணைத்து வைத்து, கதிரை எரியவிடாமற் தலையை மட்டும் உருவின் எல்லையைச் சுற்றி ஓடவிட்டு, பொருந்துகிறதாவெனப் பார்த்துக்கொள்ளலாம். பல்லாண்டுகளாக இவ்வாறே செய்து வருகின்றனர். கமரா இன்றியும் நல்ல வேலை நடக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுதல் நேர்மையாகும்.

கமரா எங்கே இன்றியமையாததாகிறது? பழைய கட்டடம் ஒன்றின் கூரையிலிருந்து கழற்றிய முதிரைப் பலகை ஒன்று இருக்கிறதென வைத்துக்கொள்வோம். அதிலே காலஞ்சென்ற ஆசிரியர் ஒருவரின் பெயரைப் பொறித்து மண்டபத்தில் வைத்தல் வேண்டும். பலகையின் ஓரம் நேராயில்லை, ஓரிடத்தில் வெடிப்பு, ஆணி கழற்றிய துளைகள் நாலைந்து. இவற்றுக்கு இடையே பெயர் அமைதல் வேண்டும். தமிழிலே ஆடவர் பெயர்கள் பெரும்பாலும் னகர மெய்யில் முடிவன. அந்த னகரத்தின் தலைமேல் நிற்கும் புள்ளி ஓர் ஆணித்துளையினுள் வீழ்ந்துவிடின், மெய்யானது உயிர்மெய்யாகிப் பெயரே வேறாய்விடும். அப்பலகைக்கு ஈடாக இன்னொரு பலகை கடையிற் கிடையாது. இத்தகைய வேலைக்குத்தான் பொறிக்குக் கண் வேண்டும். மேடையின் மேலே பொருத்திய கமரா பலகையைப் படம்பிடித்துக் கணினித் திரையில் விரிக்கும். அப்படத்தின் மேல் எழுத்தை வைத்து நகர்த்தி, வெடிப்புக்கும் துளைக்கும் விலகி நிற்குமாறு அமைத்துக்கொள்ளலாம். படம் காட்டும் இடமும் கதிர் எரிக்கும் இடமும் ஒன்றாயிருத்தல் வேண்டும் என்பதே இங்குள்ள ஒரே நிபந்தனை. அந்நிபந்தனையை நிறைவேற்றுதலிலேதான் அருமை முழுதும் அடங்கியுள்ளது.

இனி மெகாபிக்சல் வினாவை எடுத்துக்கொள்வோம். 600 மி.மீ. அகலமும் 400 மி.மீ. ஆழமும் உடைய மேடை ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்க. 5 மெகாபிக்சல் கமரா அகலவாக்கில் 2592 படப்புள்ளிகளைத் தரும். மேடையின் அகலம் முழுவதும் படத்தை நிரப்புமாயின், ஒரு புள்ளிக்கு 0.23 மி.மீ. கிடைக்கும். 8 மெகாபிக்சல் கமராவிலே 3264 புள்ளிகள்; ஒரு புள்ளிக்கு 0.18 மி.மீ. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்கு. இதனை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம். இவ்வெண்ணோடு ஒப்பிடவேண்டிய இன்னோர் எண் பின்னர் வரும்.

கமராவின் வில்லைக்கு ஒரு பார்வைக் கோணம் உண்டு. அக்கோணமும், மேடையிலிருந்து கமரா நிற்கும் உயரமும் சேர்ந்தே அது காணும் அகலத்தை வரையறுக்கும். கோணத்தின் அரைவாசிக்குரிய தான்சனை உயரத்தாற் பெருக்கி இரட்டித்தால் அகலம் கிடைக்கும் என்பதைச் சாதாரணதர மாணவரும் படம் கீறி அறிந்துகொள்வர். கிடைக்கோணம் 60 பாகையாயின், 600 மி.மீ. அகலத்தைக் காண ஏறத்தாழ 520 மி.மீ. உயரம் வேண்டும். 90 பாகையாயின் 300 மி.மீ. போதும். 120 பாகையாயின் 173 மி.மீ. உயரத்திலேயே மேடை முழுதும் தெரியும். இங்கே ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். விற்போர் குறிக்குங் கோணம் பலவேளைகளில் மூலைவிட்டக் கோணமாக இருக்கும். நான்குக்கு மூன்று என்னும் விகிதமுடைய படத்தில், மூலைவிட்டக் கோணம் 90 பாகையாயின் கிடைக்கோணம் 77 பாகையளவே; அப்போது 600 மி.மீ. காண 375 மி.மீ. உயரம் வேண்டும். பெட்டியின் மேலுள்ள எண்ணை நம்பித் தாங்கியைச் செய்வித்தபின், மேடையின் இரு ஓரமும் படத்துக்கு வெளியே நிற்கக் காண்பது இதனாலேதான்.

உயரம் குறைந்தால் வசதி மிகுதி. பொறியின் மூடியிலேயே கமராவை ஒட்டிவிடலாம். தனித் தாங்கி வேண்டியதில்லை. ஆதலின் மிக அகன்ற கோணமுடைய வில்லையே சிறந்தது என்று தோன்றும். அவ்வாறு தோன்றுவது இயல்பே. ஆயினும் இவ்வாதம் பலகையின் தடிப்பைக் கணக்கில் எடுக்கவில்லை.

கமரா மேடையின் நடுவுக்கு நேர்மேலே 400 மி.மீ. உயரத்தில் நிற்கிறதெனக் கொள்க. மேடைமேற் பரப்பிய மெல்லிய மட்டை ஒன்றைக் கொண்டு அதனை ஒழுங்குபடுத்தியாயிற்று. இப்போது 6 மி.மீ. தடிப்புள்ள பலகை ஒன்றை வைக்கிறோம். பலகையின் மேற்பரப்பிலே, நடுவிலிருந்து 300 மி.மீ. தூரத்தில் ஒரு புள்ளி உண்டு. கமராவிலிருந்து அப்புள்ளி ஊடாக ஒரு கோடு கீறினால், அக்கோடு மேடையைத் தொடும் இடம் 300 மி.மீற்றருக்குச் சற்று அப்பால் இருக்கும். கமராவோ எல்லாப் பொருளும் மேடைமட்டத்திலேயே கிடக்கின்றன என நினைப்பது. ஆதலின் அப்புள்ளி அப்பாலுள்ள இடத்திலே இருப்பதாகத் திரையிற் காட்டும். எவ்வளவு அப்பால்? இயல்பொத்த முக்கோணிகளைக் கொண்டு கணிக்கலாம்: நடுவிலிருந்து உள்ள தூரத்தைத் தடிப்பாற் பெருக்கி, கமராவுக்கும் பலகையின் மேற்பரப்புக்கும் இடையேயுள்ள உயரத்தால் வகுக்க. 300ஐ 6ஆற் பெருக்கி 394ஆல் வகுத்தால் 4.6 மி.மீ.

முன்னர் மனத்தில் இருத்திய எண்ணை இப்போது எடுத்துக்கொள்வோம். இரு கமராக்களின் புள்ளிகளுக்கு இடையேயுள்ள வேறுபாடு 0.05 மி.மீ. பலகையின் தடிப்பால் வரும் பிழையோ 4.6 மி.மீ. 5 மெகாபிக்சல் கமராவின் புள்ளிகளில் இருபதுக்கு இஃது ஒப்பாகும். நுண்மையை விலைகொடுத்து வாங்கி, அதனைப் போல் தொண்ணூறு மடங்கான பிழையைக் கவனியாதுவிடுதல் என்ன கணக்கோ யாம் அறியோம். கமராவை 800 மி.மீ. உயரத்துக்கு ஏற்றினால் இப்பிழை 2.3 மி.மீ. ஆகக் குறையும். 120 பாகை வில்லையை 175 மி.மீ. உயரத்தில் வைத்தோமாயின் 10.7 மி.மீ. ஆகப் பெருகும். ஆகவே, மூடியில் ஒட்டும் வசதிக்காக அகன்ற கோணத்தை நாடுவோர் அவ்வசதிக்குரிய விலையைப் பலகையின் ஓரங்களிலே செலுத்துகின்றனர். முதலில் வினாவவேண்டிய வினா இதுவே: கமராவை எவ்வளவு உயரத்தில், அசையாமல் நிறுத்த எம்மால் இயலும்? உயரம் தெரிந்தபின் கோணம் தானே அமையும். கோணம் அமைந்தபின் மெகாபிக்சலைப் பற்றிப் பேசலாம். சிறு மேடைக்கு 5 போதும், ஒரு மீற்றர் அகலமுள்ள மேடைக்கு 8 நன்று.

இப்பிழைக்கு ஆங்கிலத்திலே வழங்கும் பெயரைத் தமிழ்ப் பாடநூல்கள் இடமாறு தோற்ற வழு என்று ஆக்கியுள்ளன. விஞ்ஞானத்திற் பிழையை 'வழு' என்று சொல்லுதல் எமக்குப் பெருமகிழ்வு தருவது. தொல்காப்பியர் கிளவியாக்கத்திலே ஆராயும் வழுக்களுள் இடவழுவும் ஒன்று. அங்கே தன்மை, முன்னிலை, படர்க்கை மயங்குதல் இடவழு; இங்கே உண்மையாகவே இடம் மயங்குகிறது. மாணவர் இவ்விரண்டையும் ஒரே பெயரால் நினைவிற் கொள்வாராயின் நன்று.

வழுவைக் களைவது எவ்வாறு? மேடையை ஏற்றவும் இறக்கவும் கூடிய பொறியாயின் வழி எளிது. கமராவை ஒழுங்குபடுத்தியபோது மட்டை எம்மட்டத்தில் இருந்ததோ, அம்மட்டத்திற்குப் பலகையின் மேற்பரப்பு வருமாறு மேடையை இறக்கிவிடுதல் வேண்டும். இதிலே தனி முயற்சி ஒன்றும் இல்லை. இலேசர்க் கதிர் கூர்மையாகக் குவிவதற்கும் பொருளின் மேற்பரப்பு வில்லையிலிருந்து ஒரே தூரத்தில் நிற்றல் வேண்டுமாதலின், குவியத்துக்காகச் செய்யும் அதே செயல் கமராவின் வழுவையும் நீக்கிவிடுகிறது. மேடை நிலையான சிறு பொறிகளில், தலையை அல்லது அதன் வில்லையை உயர்த்திக் குவியஞ் செய்வர். அப்போது பலகையின் மேற்பரப்பு கமராவை நெருங்கியே நிற்கும். அத்தகைய பொறியுடையோர் தாம் மிகுதியாகக் கையாளும் தடிப்புக்கு ஏற்ற கழிபலகையை அடியிலிட்டு மட்டையை உயர்த்தி ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம். வேறு தடிப்பு வரும்போது மீண்டுஞ் செய்தல் வேண்டும். சில மென்பொருள்கள் பொருளின் தடிப்பை வினாவி, வழுவைத் தாமே கணித்துத் திருத்துகின்றன. அங்கும் தடிப்பை இடுக்கியால் அளந்தே சொல்லவேண்டும். கடைக்காரர் சொன்ன தடிப்பை எழுதிவிடுதல் கூடாது.

அசையாமை இரண்டாவது. மூடியிற் பொருத்திய கமரா மூடியோடு ஏறி இறங்கும். மூடியின் பிணைச்சல் சிறிது தளர்ந்து, ஒவ்வொரு முறையும் ஒரு பாகை வேறுபட்டு நின்றால், 400 மி.மீ. தூரத்திலுள்ள மேடையிலே படம் 7 மி.மீ. இடம்பெயரும். மூடியிலேதான் பொருத்தவேண்டுமென்றால், மூடி முழுதும் மூடிய நிலையில் அல்லது உறுதியான தடையொன்றில் முட்டி நிற்கும் நிலையில் மட்டுமே படம்பிடித்தல் வேண்டும். கையால் தாங்கிப் பிடித்த மூடியும், வாயுத்தண்டின் வலுவால் ஏறத்தாழ நிற்கும் மூடியும் உதவா. எமது கருத்தில், மூடியோடு தொடர்பில்லாத தனித் தாங்கியே சிறந்தது. சுவரிலிருந்து அல்லது பொறி நிற்கும் மேசையிலிருந்து எழும் இரும்புச் சட்டம், அதன் நுனியிற் கமரா, இரு திருகாணியால் இறுக்கியது. அச்சிட்ட பிளாத்திக்குத் தாங்கி சிறு சுமைக்குப் போதுமாயினும் வெப்பத்தில் வளைவது. நம் நாட்டுப் பங்குனி, சித்திரை வெயிலில், ஓட்டுக் கூரையின் கீழே, அதனை நாம் நம்பமாட்டோம். பொறி ஓரிடத்திலும் தாங்கி இன்னோரிடத்திலும் நிற்பதாயின் பொறியின் கால்கள் நிற்குமிடத்தைத் தரையிற் கோடிட்டுவைத்தல் வேண்டும். பெருக்க வருபவர் பொறியை ஓர் அங்குலம் நகர்த்திவிடின் பழியைக் கமரா சுமக்கும்.

கமராவை வாங்கும்போது கவனிக்கவேண்டியவை இன்னும் சில உண்டு. அது கணினியோடு யூ. எஸ். பி. வடத்தால் இணைவதாயும், தனிச் செலுத்தி மென்பொருள் வேண்டாததாயும் இருத்தல் நன்று. கமரா இணைவது கணினியோடே என்பதை மாணவர் மறவாதிருத்தல் வேண்டும். படத்தையும் பொறியின் அளவையும் பொருத்துவது கணினியிலுள்ள மென்பொருளின் தொழில். லைற்பேர்ண் என்னும் மென்பொருள் இதற்குப் பலராலும் கையாளப்படுகிறது. யூ. எஸ். பி. 2.0 வடம் 5 மீற்றருக்கு மேல் நீளுதல் ஆகாது; அதற்கு மேல் வேண்டுமாயின் இடையிலே வலுவூட்டும் வடம் வேண்டும். தானே குவியஞ் செய்யும் கமராவைத் தவிர்த்தல் வேண்டும். ஒவ்வொரு முறையும் குவியம் மாறும்போது படத்தின் பருமனும் நுண்ணிதாக மாறுவதாகலின், நேற்றுச் செய்த ஒழுங்கு இன்று பொய்யாகும். கையாற் திருகிக் குவியஞ் செய்து, பின் இறுக்கிவிடக்கூடிய வில்லையே வேண்டற்பாலது. கைத்தொலைபேசியைத் தாங்கியில் மாட்டிப் பயன்படுத்தலாமே என்பாரும் உளர். பரிசோதனைக்கு ஆகும், நாள்தோறும் கழற்றி மாட்டும் வேலைக்கு ஆகாது.

வெளிச்சம் பற்றி நீளப் பேசவேண்டியதில்லை. எல்.ஈ.டி. நாடாவை மேடையின் இருபுறமும் வைத்து, ஒளி நேரே கமராவிற் தெறியாதவாறு பார்த்துக்கொண்டாற் போதும். பளபளக்கும் அக்றிலிக்கின் மேலுள்ள காப்புத் தாளை உரியாமல் விட்டால் தெறிப்பு இராது.

இனி ஒழுங்குபடுத்தும் முறையைச் சொல்லுவோம். அஃது இரு படிகளை உடையது. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்வோரே மிகுதி.

முதற்படி வில்லையின் திரிபைத் திருத்துவது. அகன்ற கோண வில்லை ஊடாகப் பார்க்கும்போது நேர்கோடுகள் பீப்பாவின் பக்கம்போலப் புடைத்துத் தோன்றும். இத்திரிபு வில்லையின் இயல்பு. கமரா எங்கே நிற்கிறதென்பதோடு தொடர்பற்றது. சதுரக் கட்டங்கள் அல்லது வட்டங்கள் அச்சிட்ட தாளொன்றை மட்டமான பலகையில் சுருக்கமின்றி ஒட்டி, கமராவின் முன்னே நடுவிலும் பக்கங்களிலும் மூலைகளிலும், சிறிது சரித்தும், பல படங்கள் எடுத்தல் வேண்டும். கட்டங்கள் உண்மையிற் சமமானவை என்பது தெரிந்திருத்தலால், படத்தில் அவை எவ்வாறு திரிந்துள்ளன என்பதைக்கொண்டு வில்லையின் குணத்தைக் கணினி கண்டுகொள்ளும். இவ்வாறு தட்டையான ஒரு கோலத்தைப் பல நிலைகளிற் காட்டி அளவுதிருத்தும் முறையை, மைக்கிரோசொப்ற் நிறுவன ஆய்வகத்திற் பணியாற்றிய செங்யூ சாங் என்பவர் 2000ஆம் ஆண்டில் விரிவாக வெளியிட்டார். அதற்குமுன் விலையுயர்ந்த, நுட்பமாகக் கடைந்த திண்மப் பொருள்கள் இதற்கு வேண்டப்பட்டன. அச்சிட்ட தாள் ஒன்றாற் காரியம் ஆனது அவர் முறையால் விளைந்த பெரும் எளிமை. தாளைத் துணிபோல் அலைய விட்டுப் படம்பிடிப்போர் இவ்வெளிமையைக் கெடுக்கின்றனர். தாள் தட்டையாயிருத்தல் என்னும் ஒன்றே அம்முறைக்கு அடித்தளம்.

இரண்டாம் படி கமராவின் இடத்தைப் பொறிக்கு அறிவிப்பது. மேடையிலே வெளிறிய மட்டையொன்றைப் பரப்பி அசையாதவாறு அழுத்தி, மட்டையை வெட்டாது கருக்கும் அளவான குறைந்த வலுவிலே, நான்கு மூலைகளுக்கு அணித்தாக நான்கு குறிகளைப் பொறியைக்கொண்டே எரிக்கச் செய்தல் வேண்டும். பின்னர்த் தலையைப் படத்துக்கு வெளியே ஒதுக்கிப் படம்பிடித்து, நான்கு குறிகளையும் மென்பொருள் கேட்கும் வரிசைப்படி திரையில் ஒவ்வொன்றாகச் சுட்டுதல் வேண்டும். குறிகளை எரித்த நேரத்துக்கும் படம்பிடிக்கும் நேரத்துக்கும் இடையில் மட்டை மயிரிழையும் நகர்தல் ஆகாது.

ஏன் நான்கு? உயர்தரக் கணித மாணவர்க்கு இதுவே சுவையான பகுதி. சரிவாக நோக்கும் கமராவின் படத்தில் செவ்வக மேடை ஓர் ஒழுங்கற்ற நாற்பக்கலாகத் தோன்றும். அந்நாற்பக்கலை மீண்டும் செவ்வகமாக்கும் உருமாற்றத்தில் அறியாக் கணியங்கள் எட்டு. ஒவ்வொரு குறியும் கிடையாக ஒன்று, குத்தாக ஒன்று என இரு சமன்பாடுகளைத் தரும். எட்டு அறியாதவற்றுக்கு எட்டுச் சமன்பாடு வேண்டுமாதலின் நான்கு குறிகள். அவற்றுள் எவையேனும் மூன்று ஒரே நேர்கோட்டிற் கிடப்பின் கணக்குத் தீராது. குறிகளை நடுவிலே நெருக்கமாக வைத்தாலோ கணக்குத் தீரும், ஆனால் ஓரங்களிற் பிழை விரியும். நடுவில் அரை மில்லிமீற்றர் தவறு ஓரத்திலே பன்மடங்காகும்.

வில்லையின் குவியத்தை மாற்றினால் இரு படிகளையும் மீண்டுஞ் செய்க. கமரா இடம்பெயர்ந்தால் இரண்டாம் படி மட்டும் போதும். பொருளின் தடிப்பு மாறினால் மேற்பரப்பை உரிய மட்டத்துக்குக் கொண்டுவருக. தொழிற்கூடச் சுவரில் எழுதி ஒட்டவேண்டியவை இம்மூன்றுமே.

எத்துணைச் செம்மையாகச் செய்தாலும் வழு முற்றாக ஒழியாது. எவ்வளவு எஞ்சியுள்ளதென அளந்தறிதல் வேண்டும். புதிய மட்டையொன்றில் பேனையால் ஒன்பது சிலுவைக் குறிகளை நடுவிலும் ஓரங்களிலும் இட்டு, படம்பிடித்து, திரையில் அக்குறிகளின்மேல் சிலுவைகளை வைத்துப் பொறியால் எரித்து, இரண்டுக்கும் இடையேயுள்ள தூரத்தை வேணியர் இடுக்கியால் அளந்து எழுதிவைத்தல் நன்று. இலக்கணத்திலே வழுவும் உண்டு, ஒரு காரணம்பற்றி அமைத்துக்கொள்ளும் வழுவமைதியும் உண்டு; தொழினுட்பத்திலும் அங்ஙனமே. பெயர்ப் பலகையின் நடுவிலே எழுத்து ஒரு மில்லிமீற்றர் விலகினால் எவரும் அறியார், அது வழுவமைதி. அச்சிட்ட படமொன்றின் விளிம்பைத் தொடர்ந்து வெட்டும்போது ஒரு மில்லிமீற்றர் விலகினால் வெள்ளைக் கரை தெரியும், அது வழு. ஒரு பலகையின் இருபுறமும் ஒன்றுக்கொன்று நேராகப் பொறிக்கவேண்டுமாயின் மேலே நிற்கும் கமராவை நம்பாது, மூலையில் அணைகட்டை வைத்துப் பலகையை அதில் முட்டிப் பொருத்துக. பழைய முறை அங்கே புதிய முறையை வெல்லும்.

இன்னும் நுண்மை வேண்டுவோர் பொறியின் தலையிலேயே சிறு கமராவைப் பொருத்துவதுண்டு. அது மேடை முழுவதையும் காட்டாது. தான் நிற்குமிடத்துக்கு நேர்கீழே உள்ள சிறு பகுதியையே காட்டும். தலையைக் குறிக்கு நேர்மேலே கொண்டுசென்று பார்ப்பதால், மேற்சொன்ன கணக்கில் நடுவிலிருந்து உள்ள தூரம் ஏறக்குறையப் பூச்சியமாகிறது; தடிப்பு யாதாயினும் வழு மிகச் சிறிதே. ஆனால் பலகை முழுவதையும் ஒரே பார்வையில் நோக்கி, எழுத்தை எங்கே வைக்கலாமென்று சிந்திக்க அதனால் இயலாது. நம் முதிரைப் பலகைக்கு மேலே நிற்கும் கண்ணே வேண்டும்.

புகையைப் பற்றியும் ஒரு சொல். மூடியின் உட்புறத்துக் கமராவில் சில நாளிலேயே கரி படியும். மென்துணியால், வில்லையைத் திருகிவிடாமல், துடைத்தல் வேண்டும். நீல ஒளிப் பொறிகளிலே கதிரோ அதன் தெறிப்போ கமராவின் உணரியைக் கெடுத்தல் கூடும். படம்பிடித்தபின் கமராவை மூடிவைக்க ஒரு சிறு மூடி செய்துகொள்க. பீ.வீ.சி. தகட்டை எக்காரணங்கொண்டும் வெட்டற்க. அதிலிருந்து எழும் ஐதரசன் குளோரைட்டு நுரையீரலையும் பொறியையும் ஒருங்கே அரிக்கும். கமரா இருக்கிறதென்று அடுத்த அறைக்குச் சென்று திரையிற் பார்த்துக்கொண்டிருத்தலும் ஆகாது. மரம் தீப்பற்றுவது நொடிப்பொழுதில். பொறி இயங்கும்வரை மனிதக் கண் ஒன்று அருகில் இருத்தல் வேண்டும்.

இப்போது அப்பலகைக்கு வருவோம். தடிப்பு 18 மி.மீ. என்க. கமரா 400 மி.மீ. உயரத்தில் நிற்க, மேடையை இறக்காமலே பலகையை வைத்தோமாயின், நடுவிலிருந்து 200 மி.மீ. தூரத்திலுள்ள ஆணித்துளை திரையிலே 209 மி.மீ. தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். துளைக்கு எட்டு மில்லிமீற்றர் இப்பால், 201இல் பெயரின் ஈற்றுப் புள்ளியை வைத்துவிட்டோம் என்று நாம் மகிழ்ந்திருக்க, கதிர் மெய்யாகவே 201இற் சென்று எரிக்கும், 4 மி.மீ. அகலமுள்ள அத்துளையினுள் புள்ளி மறையும். ஆகையால் முதலில் மேடையை 18 மி.மீ. இறக்குக. பலகை கோணியிருப்பின் நடுவையும் நான்கு மூலைகளையும் அளந்து, எழுத்து நிற்கவிருக்கும் பகுதியை மட்டத்துக்குக் கொண்டுவருக. தலையை ஒதுக்கிப் படத்தைப் புதிதாக எடுக்க. பலகையை நகர்த்தியபின் பழைய படம் திரையில் நின்றால் அது முன்னைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். பெயரைத் திரையில் அமைத்தபின், பலகையின்மேல் எழுத்து வரும் இடமெங்கும் தாள் ஒட்டுநாடாவை ஒட்டி, நாடாவை மட்டும் கருக்கும் வலுவிலே பெயரின் எல்லைக்கோட்டை ஒருமுறை ஓடவிடுக. அருகே குனிந்து, துளைக்கும் புள்ளிக்கும் இடையே எவ்வளவு உள்ளதெனக் கண்ணாற் பார்க்க. போதிய இடமிருப்பின், பலகையை அசைக்காமல் நாடாவை உரித்தெடுத்து, மூடியை மூடி, முழு வலுவிற் பொறிக்கத் தொடங்கலாம்.